கண் விழிக்க ஒரு மாத்திரை

நைனார்பாளையம் பக்கம் இரவில் கண் விழிப்பது புதிதல்ல. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தால் கரும்புக்கும் மரவள்ளிக்கும் தண்ணீர் கட்ட ஆள் வேண்டும். அரவை தொடங்கிவிட்டால் கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும். எடை போடும் முறை எப்போது வரும் என்று தெரியாமல் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். சம்பா அறுவடைக்கு இயந்திரத்தோடு டெல்டாவுக்குப் போகிறவர்கள், ஓசூரிலும் சென்னையிலும் நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள், மருத்துவமனைச் செவிலியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லா வீதியிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கையில் என்றைக்காவது ஒரு மாத்திரை வந்து சேரும். "இதைப் போடுப்பா, விடிய விடியத் தூக்கமே வராது" என்ற உறுதிமொழியும் கூடவே வரும்.

அந்த மாத்திரை பெரும்பாலும் மோடாஃபினில் அல்லது ஆர்மோடாஃபினில். கடையில் மோடாலெர்ட், வாக்லெர்ட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. இரண்டுமே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். உரிய நோய்க்கு, உரிய அளவில், உரிய நேரத்தில் எடுத்துக்கொண்டவர்களுக்கு இது வாழ்க்கையையே மீட்டுக் கொடுத்திருக்கிறது. அதனால் இது கெட்ட மருந்து என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் இது தூக்கத்தைக் கொடுக்கும் மருந்தும் அல்ல, தூக்கத்துக்குப் பதிலாக நிற்கும் மருந்தும் அல்ல. தூக்கக் கலக்கம் என்ற உணர்வை மட்டும் அடக்கிவைக்கிறது. உடம்புக்கு வேண்டிய தூக்கம் வேண்டியபடியே இருக்கும். என்ஜின் சூடேறும்போது எரியும் எச்சரிக்கை விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வண்டி ஓட்டுவதைப் போன்ற நிலை அது.

யாருக்காக வந்த மருந்து

பிரான்சு நாட்டில் லாஃபோன் என்ற மருந்து நிறுவனத்தில் 1970களில் பிறந்தது மோடாஃபினில். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 டிசம்பரில் நார்கோலெப்சி என்ற நோய்க்கு இதை அனுமதித்தது. நார்கோலெப்சி உள்ளவருக்கு இரவு நன்றாகத் தூங்கினாலும் பகலில் சாப்பிடும்போது, பேசும்போது, படிக்கும்போது திடீரென்று தூக்கம் வந்து அடிக்கும். சிலர் வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவார்கள். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரு வேதிப்பொருள் குறைந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். ஊரில் இவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்திருப்போம். வகுப்பில் அடி வாங்கியே வளர்ந்திருப்பார்கள்.

2004இல் மேலும் இரண்டு நிலைகளுக்கு அமெரிக்கா அனுமதி நீட்டித்தது. ஒன்று, தூக்கத்தில் மூச்சடைப்பு நோய்க்குச் சிகிச்சை எடுத்த பிறகும் மிஞ்சி நிற்கும் பகல் தூக்கம். இன்னொன்று, இரவு வேலையால் தூக்க முறையே சிதைந்துபோனவர்களின் தூக்கக் கலக்கம். ஐரோப்பா எதிர்த்திசையில் போனது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து, நார்கோலெப்சிக்கு மட்டும் இருக்கட்டும், மற்றவற்றில் பலனைவிட ஆபத்து கூடுதல் என்று பரிந்துரைத்தது. ஒரே மருந்தைப் பற்றி இரண்டு பெரிய அமைப்புகள் இப்படி வேறுபடுகின்றன. நைட் ஷிப்டுக்காக இதைக் கேட்டுப் போகிறவரிடம் மருத்துவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது.

இரவு வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று 2005இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இரவு வேலையால் தூக்கம் கெட்ட 209 பேரைச் சேர்த்துக்கொண்டு, சிலருக்கு 200 மில்லிகிராம் மோடாஃபினிலும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்து நடந்தது அல்லது நடக்கப் பார்த்தது என்று சொன்னவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் 54 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதம். நல்ல பலன்தான். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பாருங்கள். இரவில் படுக்க வைத்தால் எத்தனை நிமிடத்தில் தூங்கிப்போகிறார்கள் என்று அளந்தபோது, மருந்துக்கு முன் சராசரியாக 2 நிமிடத்துக்குச் சற்று மேல், மருந்துக்குப் பின் 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பகலில் நன்றாக விழித்திருக்கும் ஒருவருக்கு இது 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது மாத்திரை போட்டவர்களும் அந்த இரவில் கடுமையான தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார்கள். பத்தில் மூன்று பேர் வழியில் தடுமாறவும் செய்தார்கள். "மாத்திரை போட்டாச்சு, இனிமே வண்டியை விடலாம்" என்கிறவருக்கு இந்த ஒரு ஆய்வைச் சொன்னால் போதும்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

மருத்துவரிடம் "தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு தூங்கினாலும் பகல்ல கண் சொக்குதுங்க, ஏன்னு பாருங்க" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு சீட்டு கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் பரிசோதனை நடக்கும்.

ரத்தசோகை இருந்தால் நாள் முழுக்க அசதியாக இருக்கும். நம் பெண்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள். தைராய்டு குறைவு, கட்டுக்குள் வராத சுகர், மனச்சோர்வு, குடி எல்லாமே பகல் தூக்கமாக வெளிப்படும். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கிப் போடும் சின்ன மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. வலிப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். ஒரு பக்கம் சளி மாத்திரையும் இன்னொரு பக்கம் விழிப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு உடம்பை இரு பக்கமும் இழுப்பவர்கள் உண்டு.

குறட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவருக்குத் தன் நோய் தெரியாது; பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதனால் மருத்துவரிடம் போகும்போது மனைவியையோ கணவனையோ அழைத்துக்கொண்டு போங்கள். "குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாருங்க, திடீர்னு சத்தமே நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு மூச்சு முட்டி எழுந்திரிப்பாரு" என்று வீட்டுக்காரம்மா சொல்லும் வாக்கியம், நீங்கள் அரை மணி நேரம் பேசுவதைவிட மருத்துவருக்குப் பயன்படும். கழுத்து பருமன், பிரஷர், காலைத் தலைவலி சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இந்த நோய்க்கு முதல் மருந்து எடைக் குறைப்பும், மூக்கில் முகமூடி வைத்துக் காற்றுச் செலுத்தும் சிபாப் இயந்திரமும்தான். இயந்திரத்தை மூலையில் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் தூக்கம் தெளியும். ஆனால் இரவெல்லாம் மூச்சு நின்று நின்று வருவதும், அதனால் இதயமும் மூளையும் வாடுவதும் அப்படியே தொடரும்.

1991இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வொர்த் கேள்விப் பட்டியல் இங்கே உதவும். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டியில் ஒரு மணி நேரம் பயணியாகப் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டு சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய தூக்கம். முதல் படியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம், சுகர், பிரஷர் பார்த்துவிடலாம். அங்கிருந்து சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்யும் பரிசோதனை தேவை என்றால் எங்கே போவது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரம் படுக்கவே வாய்ப்பில்லாதவருக்கு மட்டும் இந்தப் பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படாது. அவருக்கு நோய் இல்லை, தூக்கம்தான் இல்லை.

அளவும் நேரமும்

நார்கோலெப்சிக்கும் மூச்சடைப்பு நோய்க்கும் வழக்கமாகக் காலையில் ஒரு வேளை மோடாஃபினில் 200 மில்லிகிராம். இரவு வேலைக்காரருக்கு அதே அளவு, வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு. ஆர்மோடாஃபினிலில் இரவு வேலைக்கு 150. சிலருக்கு 100இலேயே மருத்துவர் தொடங்குவார். வயதானவர்களுக்கும் குறைத்துக் கொடுப்பார்கள், கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்குப் பாதியாக்குவார்கள். மோடாஃபினில் 200 இல்லை என்று கடையில் ஆர்மோடாஃபினிலை நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் உறவுக்கார மருந்துகள்தாம், ஆனால் எண்ணுக்கு எண் சமம் இல்லை. ஆர்மோடாஃபினில் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் அதிக நேரம் ரத்தத்தில் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் போடுவது அறவே கூடாது.

நேரக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாத்திரை உச்சத்தைத் தொட 2 முதல் 4 மணி நேரம் ஆகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம். போட்ட அரை மணியில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை விழுங்குவது இதனால்தான் நடக்கிறது. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 15 மணி நேரம் பிடிக்கும். காலை 7 மணிக்குப் போட்டவருக்கு இரவு 10 மணிக்கும் பாதி மருந்து உள்ளே இருக்கிறது. காலையில் மறந்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். போட்டால் அன்றைய இரவுத் தூக்கம் போய்விடும், மறுநாள் கலக்கம் இரட்டிப்பாகும். இரவு 9 மணிக்குப் போட்டு 10 மணி ஷிப்டுக்குப் போகிறவர் காலை 8 மணிக்குப் படுக்கும்போது பாதிக்கும் மேல் மருந்து மிச்சம். ஆகவே நள்ளிரவு மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது என்று இன்னொரு மாத்திரை போட்டால் மறுநாள் பகல் தூக்கம் அம்போதான்.

பகல் தூக்கத்தைக் காப்பது மாத்திரைக்குச் சமமான மருத்துவம். திருவிழா மாதத்தில் ஒலிபெருக்கி, வாசலில் வண்டிச் சத்தம், "எழுந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் படுப்பா" என்று எழுப்பும் அம்மா என்று கிராமத்தில் இது எளிதல்ல. இருட்டான உள்ளறை, சன்னலுக்குக் கனத்த துணி, போன் வேறு அறையில். வீட்டாரிடம் இன்ன நேரம் வரை எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும், அவர்களும் அதை மதிக்க வேண்டும்.

டீ, காபியை இந்த மாத்திரையோடு கூட்டாதீர்கள். படபடப்பும் கைநடுக்கமும் பிரஷரும் ஏறும். மது வேண்டவே வேண்டாம். போதை ஏறியது தெரியாமல் இன்னும் குடிக்க வைக்கும்.

அம்மை என்று நினைத்துவிடாதீர்கள்

தலைவலிதான் அதிகம் பேருக்கு வரும் தொல்லை. குமட்டல், வாய் உலர்தல், பசியின்மை, பதற்றம், தூக்கமின்மை அடுத்தடுத்து வரும். பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. தண்ணீர் குடித்தால், அளவைக் குறைத்தால் அடங்கும்.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது அரிதாக வரும் ஒரு தோல் எதிர்விளைவைப் பற்றி. ஸ்டீவன்ஸ்–ஜான்சன் என்று மருத்துவர்கள் சொல்லும் இது உயிருக்கே உலை வைக்கும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் ஐந்து வாரத்துக்குள் வரும். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். பிறகு உடம்பில் சிவந்த தடிப்பு, வாயிலும் உதட்டிலும் புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம், உரிதல். இந்த வரிசையைப் படித்ததும் நம் ஊரில் யாருக்கும் தோன்றுவது அம்மைதான். வாசலில் வேப்பிலை செருகி, மருந்து மாத்திரை எதையும் தொடக் கூடாது என்று உள்ளே படுக்க வைத்துவிடுவோம். மாரியம்மன் மேல் உள்ள பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாத்திரையைத் தொடங்கியவருக்கு இப்படி வந்தால் அது அம்மை என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். மாத்திரையை உடனே நிறுத்தி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். இந்தச் செய்தி மாத்திரை போடுகிறவரைவிட அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகம், உதடு, நாக்கு வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும் இதே அவசரம்.

ஒருமுறை இப்படி வந்தவர் வாழ்நாளில் மறுபடி இந்த மருந்தைத் தொடக் கூடாது. இந்தத் தோல் ஆபத்தின் காரணமாகத்தான் 2006இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இதை அனுமதிக்காமல் விட்டார்கள். நீட் தேர்வுக்குப் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அண்ணன் தன் மாத்திரையைப் பிட்டுக் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்தே தெரியும்.

மனசும் கவனிக்கப்பட வேண்டும். இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

பெண்களுக்கு

கருத்தடை மாத்திரைகளின் பலத்தை மோடாஃபினில் குறைத்துவிடும். கல்லீரல் அந்த ஹார்மோன்களை வேகமாகக் கழித்துவிடுவதால் அப்படி ஆகிறது. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் மாலா-என் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டாலும் கர்ப்பம் தரித்துவிடலாம். மருந்து எடுக்கும் காலம் முழுக்கவும், நிறுத்திய பின் இன்னும் ஒரு மாதமும் காப்பர்-டி அல்லது ஆணுறை போன்ற ஹார்மோன் சேராத வழி வேண்டும். இதைச் செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை எழுதிய மருத்துவர் பல நேரம் இதைக் கேட்பதில்லை. கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. கர்ப்ப காலத்தில் இதை எடுத்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டதால் கனடா அரசின் சுகாதாரத் துறை 2019இல் எச்சரித்தது. நைட் டூட்டிச் செவிலியர்களில் புதிதாகத் திருமணமானவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மற்ற மருந்துகளோடு

இதய வால்வு அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர், சிறுநீரக மாற்றுக்குப் பின் சைக்ளோஸ்போரின் எடுப்பவர் ஆகிய மூவரும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். பிரஷர் உள்ளவர்கள் தொடங்கும் முன்பும், தொடங்கிய இரண்டு வாரத்திலும் அளந்து பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பணியாளரிடம் இதையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மாத்திரையை லாரி டேஷ்போர்டில் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். கிளீனரோ கூட்டாளியோ கேட்டாலும் பகிராதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அந்த நாட்டு விதியைப் புறப்படும் முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவில் இது கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. போட்டிகளில் ஓடும் ஆடும் பிள்ளைகளுக்கு ஊக்கமருந்துப் பட்டியலில் தடை.

ஸ்டீயரிங்கில் உட்காரும் முன்

சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் போனாலும் சரி, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வளைவுகளில் ஏறினாலும் சரி, பின்னிரவு 2 முதல் 6 மணி வரை உடம்பே தூங்கச் சொல்லும் நேரம். மாத்திரை போட்டவருக்கு அந்த நேரத்தில் கொட்டாவி வராது. ஆனால் கவனம் பிசகும், முடிவெடுப்பது தாமதமாகும், "நான் தெளிவாத்தான் இருக்கேன்" என்ற நம்பிக்கை மட்டும் குறையாது. மருந்து தொடங்கிய புதிதில், அது உங்களுக்கு எப்படிப் படுகிறது என்று தெரியும் வரை, வண்டியும் அறுவடை இயந்திரமும் ஓட்டாதீர்கள். போன இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள், கண் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அல்ல. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவென்றால் அன்றைக்கு ஸ்டீயரிங் வேண்டாம்.

வழியில் கண் அசந்தால் வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்துவிட்டு 20 நிமிடம் கோழித்தூக்கம் போடுங்கள். டீ வேலை செய்யத் தொடங்கும்போது எழுந்துவிடலாம். மாத்திரை போடாத ஓட்டுநருக்கு இதுவே நல்ல மருந்து. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று கணக்கு வகுத்தது. லோடு கொடுப்பவர் அந்தக் கணக்கை மீறச் சொல்லிவிட்டு மாத்திரையையும் கையில் கொடுத்தால், அது மருத்துவம் இல்லை, சுரண்டல். இன்னொரு ஓட்டுநரைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சங்கம் வழியாகக் கேட்டால் தனியாளாகக் கேட்பதைவிடக் காதில் விழும்.

நிறுத்தும்போது

மருத்துவர் சொன்ன காலம் முடிந்ததும் நிறுத்தலாமா, அளவைக் குறைத்துக்கொண்டே வரலாமா என்று அவரிடமே கேளுங்கள். நிறுத்திய பின் பழைய தூக்கம் திரும்ப வரும். அது மருந்துக்கு அடிமையாகிவிட்டதன் அறிகுறி என்று பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் அடக்கி வைத்திருந்த பழைய நோயே மறுபடி தெரிகிறது. ஆனால் கிளர்ச்சிக்காக அளவை ஏற்றிக்கொண்டே போனவர்களுக்கும், வேறு போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை பழக்கமாகலாம். அதை ஒளிக்காமல் சொல்லி உதவி கேட்க வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்களுக்கு இரவு ஓட்டம் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்ச மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில் வைக்காதீர்கள். ஹார்மோன் கருத்தடைக்குத் திரும்பும் பெண்கள் கடைசி மாத்திரை போட்ட தேதியைக் குறித்துவைத்து, அதிலிருந்து ஒரு மாதம் முடியும் வரை மாற்று வழியை விடாதீர்கள்.